வாவி கடத்தலின் விலை: எழுவான்கரை – படுவான்கரை நாளாந்தப் பயணம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

தொழிலின் பொருட்டு நாள்தோறும் நெடுந்தூரம் சென்று திரும்புதல் பயனுடையதா என்னும் வினா, பொதுவாகத் தனிமனிதர் ஒருவரின் வரவு செலவுக் கணக்காகவே கொள்ளப்படுகின்றது. கிடைக்கும் கூலி ஒரு தட்டிலும், வழிச்செலவும் இழந்த நேரமும் உடற்களைப்பும் மறு தட்டிலும் வைக்கப்படுகின்றன. எத்தட்டுத் தாழ்கின்றதோ அதுவே முடிவாகின்றது. இக்கணக்குப் பிழையானதன்று. ஆயின் அது முழுமையானதுமன்று. வீடு ஓரிடத்திலும் தொழில் பிறிதோரிடத்திலும் அமைந்தது எவ்வாறு, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தின் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் இரு வினாக்களையும் அது எழுப்புவதில்லை. இவ்விரு வினாக்களையும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி கடற்கரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. அதன் கிழக்குப் புறம் எழுவான்கரை. மேற்குப் புறம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என்னும் இப்பெயர்கள் வாவியை நடுவாக வைத்து இடப்பட்டவை. இரு கரைகளும் ஒன்றையொன்று நோக்கியே பெயர் பெற்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒன்றின்றி மற்றதன் வாழ்க்கை இல்லை என்பதையே இப்பெயர்கள் உணர்த்துகின்றன. இன்னொரு சொல்லும் கவனத்துக்குரியது. வாகனங்களையும் மக்களையும் ஒருங்கே ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகை இப்பிரதேச மக்கள் 'பாதை' என்றே வழங்குவர். மண்முனைப் பாதை, குருமண்வெளிப் பாதை என்பன தரைவழிகளல்ல, ஓடங்கள். ஓடத்தையே வழியெனக் கொள்ளுமளவுக்குக் கடத்தல் இம்மக்களின் அன்றாட வாழ்வில் ஊன்றியிருந்தது.

2

எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். தென்னையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் அங்கு வளர்ந்தன. தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து நெருக்கமாக அமைந்தன. படுவான்கரை, ஆறுகளும் குளங்களும் வளப்படுத்திய நெல்நிலம். அதன் மேற்கெல்லையில் காடும் மேய்ச்சல் தரையும் உள்ளன. கொக்கட்டிச்சோலை, மண்டூர், பழுகாமம் முதலிய தொன்மையான ஊர்களும் கோயில்களும் படுவான்கரையிலேயே உள்ளன. ஆகவே அதனை வெறும் வயற்புறம் எனக் கொள்வது தவறாகும். எனினும் அதன் வயல்களில் ஒரு கணிசமான பகுதி எழுவான்கரையில் வாழ்ந்தோரின் உடைமையாயிருந்தது. மனையும் வயலும் வாவியால் பிரிந்து கிடந்த இந்நிலைமையே எமது ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளியாகும்.

இந்நிலைமையை இயற்கை மாத்திரம் உண்டாக்கிவிடவில்லை. தாய்வழிக் குடிமுறையும் பெண்வழிச் சொத்துரிமையும் இப்பிரதேசச் சமூக அமைப்பின் அடிப்படைகளாகும். முக்குவரிடையே நிலவிய தாய்வழி உரிமை முறைபற்றி பிறிற்றோ 1876 இல் நூலெழுதினார். அதே ஆண்டில் நிறைவேறிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வழக்கின் சட்ட வலுவை அகற்றியது. ஆயினும் வழக்காறு சட்டத்தோடு மறையவில்லை. அது சீதனம் என்னும் வடிவில் தொடர்ந்தது. வீடும் பெரும்பாலும் வயலும் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டன. ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று குடியிருந்தான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மக்கில்வ்றே 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பு விரிவாக விளக்கப்பட்டுள்ளது.

இதன் விளைவை நாம் ஊன்றி நோக்கவேண்டும். குடும்பம் எங்கு வாழ்வது என்பதைத் தொழில் தீர்மானிக்கவில்லை. சீதன வீடே தீர்மானித்தது. தாயும் சகோதரிகளும் அயலில் வாழும் ஒரு மனையைவிட்டுப் பெண் பெயர்வது அரிது. எனவே தொழிலிடம் எத்துணைத் தூரத்திலிருப்பினும் பயணஞ் செய்யவேண்டியவர் தொழில் செய்பவரே. 1872 இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ், தொழிலாளிக்குச் சொந்தமாக வாய்க்கும் சிறு வீடும் துண்டு நிலமும் அவனை ஓரிடத்தில் கட்டிவைத்துப் பேரம்பேசும் வலுவைக் குறைக்கக்கூடும் எனச் சுட்டினார். அவர் மனத்திற் கொண்டது ஜெர்மனியக் குடிசைத் தொழிலாளரை. மட்டக்களப்பின் சீதன வீட்டை அதனோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. இங்கு அவ்வீடு பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பாகவும் விளங்குகின்றது. கணவன் இறப்பினும் பிரியினும் அவள் தெருவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையுண்டு. அவ்விலையின் ஒரு பகுதி வாவியின்மேல் நாள்தோறும் செலுத்தப்படுகின்றது.

3

பழைய வேளாண்மை முறையில் இவ்விடைவெளி எவ்வாறு நிரப்பப்பட்டது? போடியார் என வழங்கப்பட்ட நிலவுடைமையாளர் எழுவான்கரையில் வாழ்ந்தனர். அவரது வயலைப் பொறுப்பேற்றுச் செய்விப்பவன் முல்லைக்காரன். ஐப்பசி கார்த்திகை மழையோடு விதைப்புத் தொடங்கியதும் முல்லைக்காரனும் அவனது ஆட்களும் வயலுக்குச் சென்று வாடி அமைத்துத் தங்கினர். வரம்பு கட்டல், நீர் பாய்ச்சல், பன்றியும் யானையும் வாராமற் பரணிலிருந்து காத்தல், அறுவடை, சூடடித்தல் என மாசி பங்குனி வரையிலும் அவர்களது வாழ்க்கை வாடியிலேயே கழிந்தது. போடியார் வேண்டியபோது தோணியேறி வந்து பார்த்துச் சென்றார்.

அந்நாளில் நாளாந்தப் பயணம் என்னும் பிரச்சினை எழவேயில்லை. உழைப்பாளனை உழைப்பிடத்திலேயே குடியிருத்தியதன் மூலம் தூரத்தின் செலவு மறைக்கப்பட்டது. மறைக்கப்பட்டதேயன்றி ஒழிக்கப்படவில்லை. அதனை முல்லைக்காரன் தன் குடும்பத்தைப் பிரிந்த மாதங்களாலும், அவன் மனைவி தனித்துச் சுமந்த வீட்டுச் சுமையாலும் செலுத்தினர். இச்செலவு போடியாரின் கணக்கேட்டில் எங்கும் இடம்பெறாது.

கணக்கேட்டில் இடம்பெறாதது பாட்டில் இடம்பெற்றது. வயற்காவலுக்குச் சென்று வாடியிற் தங்கும் ஆணும் ஊரிலிருக்கும் பெண்ணும் பிரிவைப் பேசுதல் மட்டக்களப்பு நாட்டார் கவிகளில் மீண்டும் மீண்டும் வரும் பொருளாகும். இக்கவிகளைத் தனிமனிதக் காதலுணர்வின் வெளிப்பாடாக மட்டும் சுவைப்போர் அவற்றின் சமூக அடித்தளத்தைக் காணத் தவறுகின்றனர். பழந்தமிழ் இலக்கண மரபு பொருள்வயிற் பிரிவைப் பாலையின்பாற்படுத்தியது. வினைமுற்றி மீள்வோனுக்காகக் காத்திருத்தலை முல்லையின்பாற்படுத்தியது. அம்மரபு அறியும் பிரிவு நெடியது, பருவத்தால் அளக்கப்படுவது. வாடி வாழ்க்கையின் பிரிவும் அத்தகையதே. ஆதலின் அதற்குப் பாடல் வடிவம் எளிதில் வாய்த்தது. காலையிற் சென்று மாலையில் மீளும் பயணத்துக்கோ அத்தகைய திணை வகுக்கப்படவில்லை. ஒவ்வொரு மாலையும் மீண்டுவிடுபவனைப் பிரிந்தவன் என எவரும் கருதுவதில்லை. அவனது இழப்புப் பிரிவாகத் தோன்றாது களைப்பாகவே தோன்றுகின்றது. நாளாந்தப் பயணத்தின் செலவு கண்ணுக்குப் புலனாகாமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

4

இந்த முறைமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடையத் தொடங்கியது. 1949 இல் கல்லோயா அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. கிழக்கின் நெற்செய்கையில் நீர்ப்பாசனத்தின் பங்கும் அரசின் பங்கும் பெருகின. உழவு இயந்திரம் வந்தது. எருமை கட்டி வாரக்கணக்கில் நிகழ்ந்த வேலை நாட்கணக்கிற் சுருங்கியது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. பிலிப் குணவர்த்தனாவின் பெயரோடு இணைந்த முற்போக்கான சட்டம் அது. ஆயினும் நாட்கூலிக்கு உழைப்பவன் அப்பாதுகாப்பின் எல்லைக்கு வெளியே நின்றான். பருவம் முழுவதும் வாடியிற் தங்கும் ஆளின் இடத்தை, விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் அழைக்கப்படும் நாட்கூலியாள் படிப்படியாகப் பிடித்தான். அவன் காலையில் வாவியைக் கடந்து மாலையில் மீண்டான்.

இம்மாற்றத்தில் ஒரு விடுதலை உண்டு. உழைப்பாளன் இரவை மீட்டுக்கொண்டான். போடியாரின் வயலிற் கட்டுண்டு கிடக்காது தன் வீட்டில் உறங்கவும் கூலி குறைந்தால் வேறிடஞ் செல்லவும் அவனுக்கு இயன்றது. இதனைச் சிறிதெனக் கொள்ளலாகாது. ஆனால் அதே மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. வேலைநாள் வயலில் இறங்கும் கணத்திலேயே தொடங்குவதாகக் கருதப்பட்டது. துறையிற் காத்திருந்த நேரமும் தோணியிற் கழிந்த நேரமும் அப்பால் நடந்த நேரமும் கூலிக்குரியனவாகக் கொள்ளப்படவில்லை.

மார்க்சின் 'மூலதனம்' இரண்டாம் தொகுதி 1885 இல் வெளியாயிற்று. போக்குவரத்துத் தொழில் பொருள்களை இடம் மாற்றுவதன் மூலம் அவற்றின் பெறுமதியைக் கூட்டுகின்றது என அதில் அவர் விளக்குகின்றார். படுவான்கரை நெல்மூட்டை வாவியைக் கடந்ததும் அதன் விலையில் கடத்தற் செலவு சேர்ந்துவிடுகின்றது. அந்நெல்லை விளைவித்தவன் அதே வாவியைக் கடந்தபோது அவனது கூலியில் எதுவும் சேரவில்லை. நெல்லின் பயணம் கணக்கிடப்பட்டது. மனிதனின் பயணம் கணக்கிடப்படவில்லை. நாளாந்தப் பயணம் பற்றிய அரசியற் பொருளாதாரத்தின் சாரம் இதுவே.

5

கூலியாளோடு இன்னொரு பயணியும் வாவியின்மேல் தோன்றினார். அவர் அரசாங்கச் சம்பளம் பெறுபவர். இவரது வரலாற்றை விளங்கிக்கொள்வதற்குக் கல்வி நிறுவனங்களின் அமைவிடத்தை நோக்கவேண்டும். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இலும், புனித மிக்கேல் கல்லூரி 1873 இலும், கல்லடியில் விபுலானந்த அடிகள் பணியாற்றிய சிவானந்த வித்தியாலயம் 1929 இலும் தோன்றின. இவை யாவும் நகரிலும் எழுவான்கரையிலும் அமைந்தவை. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம், தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயர் பூண்டு, கச்சேரி அமைந்த நகரை எழுவான்கரையோடு இணைத்தது. படுவான்கரையின் மத்திய பகுதியை நகரோடு இணைக்கும் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014 இலேயே. இரண்டு பாலங்களுக்கும் இடைப்பட்ட 90 ஆண்டுகள், பிரதேசத்துக்குள்ளேயே நிலவிய ஏற்றத்தாழ்வின் ஓர் அளவுகோலாகும். வடக்கே வலையிறவும் தெற்கே பட்டிருப்பும் பாலங்களாக இருந்தன. நடுவிலுள்ள ஊர்களுக்கு மண்முனை, குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குருமண்வெளி – மண்டூர் ஆகிய துறைகளே கதி.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி படுவான்கரையிலும் பாடசாலைகளைப் பெருக்கியது. பாடசாலைகள் அங்கே, கற்பிக்கத் தகுதி பெற்றோரோ பெரும்பாலும் இங்கே. ஆசிரியர்கள் நாள்தோறும் வாவியைக் கடக்கவேண்டியவராயினர். காலை 7.30 மணிக்குத் தொடங்கும் பாடசாலைக்கு எழுவான்கரையிலிருந்து செல்பவர் இருள் பிரியுமுன் புறப்படவேண்டும். பிற்பகல் 1.30 மணிக்கு மணியடித்ததும் அவரது மனம் துறையை நாடும். இதற்காக ஆசிரியரைப் பழிப்போர் உளர். அப்பழிப்பு எளிது, ஆனால் ஆராய்ச்சிக்கு உதவாது. கஷ்டப் பிரதேசத்திற் குடியிருக்கத் தக்க விடுதியில்லை. தம் பிள்ளைகளைச் சேர்க்க அவர் விரும்பும் பாடசாலை அங்கில்லை. இரவில் நோயுற்றால் அண்மையில் வைத்தியசாலையில்லை. இந்நிலையில் நாளாந்தப் பயணமே அவருக்கு உகந்த தெரிவாகின்றது. சில ஆண்டுகள் பொறுத்து எழுவான்கரைக்கு இடமாற்றம் பெறுவது அதனினும் உகந்த தெரிவாகின்றது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். போவதற்கு ஒன்றரை மணி, வருவதற்கு ஒன்றரை மணி எனக் கொண்டால், ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்களில் 600 மணித்தியாலங்கள் வழியிற் கழிகின்றன. எட்டு மணித்தியாலத்தை ஒரு வேலைநாளாகக் கொள்ளின் இது 75 வேலைநாட்களாகும். அவர் பெண்ணாயின் வீடு திரும்பியபின் தொடங்கும் இரண்டாவது வேலைநாளையும் இதனோடு சேர்த்தெண்ணவேண்டும்.

இங்கு கூலியாளுக்கும் சம்பளக்காரருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. கூலியாள் பயணச் செலவைத் தன்மேலேயே சுமக்கின்றான். அதனைத் தள்ளிவிட அவனுக்குக் கீழே எவருமில்லை. சம்பளக்காரர் அதன் பெரும்பகுதியைத் தாமே சுமப்பினும் ஒரு பகுதி அவரையறியாமலே பிறர்மேல் இறங்கிவிடுகின்றது. மாலையில் மேலதிக வகுப்பு நடைபெறாத மாணவன், அலுவலரைக் காணாது திரும்பும் விவசாயி, இடமாற்றங்களால் ஆண்டுதோறும் மாறும் கணித ஆசிரியர் என அது படுவான்கரையின் கணக்கில் எழுதப்படுகின்றது. ஆகவே 'எனக்கு இப்பயணம் பயன் தருகின்றதா?' என ஒருவர் சரியாகவே கணக்கிட்டு முடிவெடுக்கையில், அவரது கணக்குக்கு வெளியேயுள்ள ஒரு பிள்ளையும் அம்முடிவின் விலையைக் கொடுக்கின்றது.

6

போர்க்காலம் வாவியை எல்லைக்கோடாக்கியது. எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும், 1990 களின் நடுப்பகுதி தொட்டு 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. துறைகள் சோதனைச் சாவடிகளாயின. கடத்தலின் விலை அப்போது நேரத்தாலோ பணத்தாலோ மட்டும் அளக்கக்கூடியதாக இருக்கவில்லை. 1987 ஜனவரி 28 இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர் தம் வேலைத்தலத்திலேயே படையினராற் கொல்லப்பட்டனர். 1991 ஜூன் 12 இல் அப்பகுதியில் நிகழ்ந்த படுகொலையில் 67 பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவே பதிவு செய்தது. இவ்வாறான சூழலிலும் மக்கள் வயலுக்கும் பாடசாலைக்கும் சென்றனர். அது துணிவின் பாற்பட்டதென்று புகழ்ந்து அமைவது போதாது; செல்லாதிருக்கும் வசதி அவர்களுக்கிருக்கவில்லை என்பதே அடிப்படை உண்மை.

2014 ஏப்பிரலில் யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 210 மீற்றர் நீளமுடைய அப்பாலம், துறையில் நெடுநேரம் காத்திருந்து கடந்த நீரைச் சில நிமிடங்களிற் கடக்கச் செய்தது. நோயாளியும் கர்ப்பிணியும் பாதையின் நேரத்தை எதிர்பார்த்திருக்கவேண்டிய நிலை அவ்விடத்தில் ஒழிந்தது. இப்பேற்றினைக் குறைத்து மதிப்பிடுவது அறிவுடைமையாகாது.

ஆயினும் பாலம் இருவழிப்பட்டது. எழுவான்கரை அலுவலர் படுவான்கரையிற் தங்கவேண்டிய எஞ்சிய தேவையும் அதனால் நீங்கியது. படுவான்கரை இளைஞர் மேசன் வேலைக்கும் கடை வேலைக்கும் நாள்தோறும் நகருக்குச் செல்வதும் எளிதாயிற்று. தூரம் சுருங்கியபோது பயணம் குறையவில்லை. பயணம் செய்வோர் தொகையே கூடியது. துறையிற் கூடிநின்ற பொதுப் பயணத்தின் இடத்தைத் தனித்தனி மோட்டார் சைக்கிள் பிடித்தது. ஓடம் பழுதுற்றபோது அது ஊரின் முறைப்பாடாக இருந்தது. மோட்டார் சைக்கிளின் தவணைக் கட்டணமும் பெற்றோலும் அவரவர் தனிச்சுமைகளாயின.

இத்தனிச்சுமையின் பாரம் 2022 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் சென்று மீளும் ஒருவர், லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் வாரத்துக்கு 5 லீற்றர் செலவிடுவார். அச்செலவு 885 ரூபாவிலிருந்து 2350 ரூபாவாக உயர்ந்தது. ஜூலையில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு ஒதுக்கப்பட்டது 4 லீற்றரே. பணமிருப்பினும் ஐந்தாம் நாளுக்குப் பெற்றோல் இல்லை. அரச ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்றலாமென அறிவிக்கப்பட்டது. வயலை வீட்டிலிருந்து அறுக்க முடியாது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வாடிக் காலத்தில் தூரத்தின் செலவு குடும்பப் பிரிவாகச் செலுத்தப்பட்டது. கூலிக் காலத்தில் அது ஊதியமற்ற நேரமாகச் செலுத்தப்பட்டது. சம்பளக் காலத்தில் அதன் ஒரு பகுதி படுவான்கரைச் சிறாரின் கல்வியிலிருந்து கழிக்கப்பட்டது. பாலத்துக்குப் பிந்திய காலத்தில் அது தனியாரின் கடனாகவும் எரிபொருளாகவும் மாறியது. செலவின் வடிவம் மாறிற்று; மேலிருந்து கீழாக இறங்கும் அதன் திசை மாறவில்லை.

ஜெர்மனியப் பொருளியலாளர் தூனன் 1826 இல் வெளியிட்ட நூலில், சந்தைக்குள்ள தூரம் நிலத்தின் பயன்பாட்டையும் வாரத்தையும் நிர்ணயிக்கும் எனக் காட்டினார். அவர் கற்பித்த சமவெளியில் வாவியில்லை, சீதன வீடில்லை, சோதனைச் சாவடியுமில்லை. மட்டக்களப்பின் தூரம் கிலோமீற்றரால் மட்டும் ஆனதன்று. உடைமையும் உறவுமுறையும் அரச முதலீட்டின் சமமின்மையும் சேர்ந்து உருவாக்கிய சமூகத் தூரம் அது. ஆதலின் அதனைப் பாலத்தால் மட்டும் கடந்துவிட முடியாது.

அவ்வாறாயின் நாளாந்தப் பயணம் பயனுடையதா? தனியொருவருக்கு இவ்வினாவை விடுக்கும்போது நாம் கூறக்கூடிய விடை ஒன்றுண்டு: பயண நேரத்தை வேலைநேரத்தோடு கூட்டி, வழிச்செலவைக் கூலியிலிருந்து கழித்து, எஞ்சியதை மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள், உங்கள் உண்மையான கூலி எதுவென்பது அப்போது தெரியவரும். இக்கணக்கைக் கூலியாளும் ஆசிரியரும் தனித்தனியே செய்தால் அது மனக்குறையாக முடியும். கூடியிருந்து செய்தால் அது கோரிக்கையாக மாறும். பயண நேரத்தின் ஒரு பகுதியேனும் கூலியிற் சேர்க்கப்படவேண்டும் என்பது முதலாவது கோரிக்கை. இரு கரைகளுக்குமிடையே வேலைநேரத்துக்கு இசைந்த பொதுப் பேருந்துச் சேவை வேண்டுமென்பது இரண்டாவது. மூன்றாவதும் அடிப்படையானதும் படுவான்கரையிலேயே தரமான உயர்தரப் பாடசாலையும் வைத்தியசாலையும் ஆசிரியர் விடுதியும் அமையவேண்டுமென்பதாகும்.

மூன்றாவது நிறைவேறும்போது படுவான்கரையிற் பிறந்த பிள்ளை அங்கேயே கற்று அங்கேயே கற்பிக்கும். அதன்பின்னும் மக்கள் வாவியைக் கடப்பர்; திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கடப்பர்; விரும்பிய தொழிலுக்காகவும் கடப்பர். கடத்தல் ஒரு நிர்ப்பந்தமாக இல்லாது தெரிவாக மாறும் அந்நிலையிற்றான் அது பயனுடையதா என்ற வினாவைத் தனியொருவரிடம் விடுப்பது நியாயமாகும்.